டென்ஷனில் அட்ரினல் சுரப்பி களைத்துப் போகுமா?

கேள்வி இதுதான்: வயது முப்பத்தைந்து, மென்பொருள் வேலை, இரண்டு வருடமாக ஓயாத டென்ஷன். காலையில் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது, ராத்திரி பதினொன்றுக்கு மேல் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. ஆரோக்கிய ஆலோசகர் ஒருவர் எச்சிலை எடுத்து டெஸ்ட் செய்து, "உங்கள் அட்ரினல் சுரப்பி உழைத்து உழைத்துக் களைத்துவிட்டது" என்று சொல்லி மாத்திரைப் புட்டிகளைக் கையில் கொடுத்திருக்கிறார். டென்ஷன் வந்தால் அந்தச் சுரப்பி உண்மையில் என்ன செய்கிறது? அது களைத்துப் போகுமா?

உங்கள் களைப்பு உண்மை. சுரப்பி களைத்துவிட்டது என்பது உண்மையில்லை. அட்ரினல் சுரப்பிக்கு நோய் வரும், கட்டி வரும், கிருமி தாக்கி அழியும், வெளியிலிருந்து ஸ்டீராய்டு (இந்தச் சுரப்பியின் ஹார்மோனைப் போலவே செயல்படும் மருந்து) போனால் வேலையை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கும். ஆனால் கவலையைச் சுமந்து சுமந்து அது தேய்ந்துபோவதில்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குச் சுரப்பியின் உள்ளே கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய சுரப்பிகள் இவை. ஒன்று நாலைந்து கிராம்தான் இருக்கும். வலதுபக்கம் இருப்பது முக்கோணமாகவும் இடதுபக்கம் இருப்பது பிறை வடிவிலும் இருக்கும். குறுக்கே வெட்டினால் வெளிப்பகுதி நல்ல மஞ்சளாகத் தெரியும். ஹார்மோன் செய்வதற்காகச் சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பின் நிறம் அது. நடுப்பகுதி பழுப்புச் சிவப்பு. பெயர்தான் ஒன்று, உண்மையில் இவை இரண்டு வேறு சுரப்பிகள். கருவில் உள்பகுதி நரம்புத் திசுவிலிருந்து வருகிறது, வெளிப்பகுதி சிறுநீரகத்துக்கு அக்கம்பக்கத்துத் திசுவிலிருந்து வருகிறது. சுறா மீனில் இன்றைக்கும் இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன.

உள்பகுதியிலிருந்து தொடங்குவோம், அதுதான் முதலில் வேலைக்கு வரும். இரவில் பைக்கில் போகிறீர்கள், ஒரு நாய் குறுக்கே பாய்கிறது, பிரேக் பிடிக்கிறீர்கள். மூளையிலிருந்து கிளம்பும் கட்டளை முதுகுத்தண்டு வழியாக இறங்கி, நரம்பு மூலமாகவே நேராகச் சுரப்பியின் உள்பகுதிக்குப் போய்விடுகிறது. அங்கே ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சில நொடிகளில் ரத்தத்தில் கொட்டுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சுக்குழாய்கள் விரிகின்றன, கண்மணி பெரிதாகிறது, கல்லீரல் சேமிப்பிலிருந்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. குடல் வேலையை நிறுத்துகிறது, வாய் உலர்கிறது. நாய் போன பிறகும், வண்டியை ஓரமாக நிறுத்தி நிற்கும்போது கை நடுங்குகிறது இல்லையா? ரத்தத்தில் அட்ரினலினின் அளவு பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அது வடியும் வரைக்கும் அந்த நடுக்கம் இருக்கும்.

இங்கே இடையில் ஒரு விஷயம். நாயைப் பார்த்த அந்த முதல் நொடியில் நெஞ்சு 'திக்' என்பதற்கு இந்தச் சுரப்பியே தேவையில்லை. இதயத்துக்கு நேரடியாகப் போகும் நரம்புகளே அதைச் செய்துவிடும். கட்டிக்காக இரண்டு அட்ரினல் சுரப்பிகளையும் எடுத்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை தர வேண்டும். ஆனால் அதில் அட்ரினலின் கிடையாது. பயந்தால் அவர்களுக்கும் நெஞ்சு படபடக்கும். ஆக, ஊரெல்லாம் பெயர் தெரிந்த ஹார்மோன் இல்லாமல் பிழைத்துவிடலாம். பெயர் தெரியாத மற்றவை இல்லாமல்தான் சில நாட்கள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

அந்த மற்றவை வெளிப்பகுதியில் பிறப்பவை. வெளிப்பகுதியில் மூன்று அடுக்கு. மேலடுக்கு ஆல்டோஸ்டிரோனைச் செய்கிறது: உடம்பில் உப்பைப் பிடித்து வைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றி, பி.பி.யைக் காப்பது அதன் வேலை. அடியில் இருக்கும் அடுக்கில் பாலியல் ஹார்மோன்களின் மூலப்பொருட்கள் உருவாகின்றன. நம் கேள்விக்கு அது முக்கியமில்லை. நடு அடுக்கு கார்ட்டிசாலைச் செய்கிறது. டென்ஷனைப் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும்.

கார்ட்டிசாலுக்கு நேரடி நரம்பு வழி இல்லை, படிப்படியாகத்தான் ஆணை வரும். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை விடுகிறது. அது ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டுகிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற இன்னொரு ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது அட்ரினலை அடைந்த பிறகுதான் அங்கே கொலஸ்ட்ராலிலிருந்து கார்ட்டிசால் தயாராகிறது. அட்ரினலின் பாக்கெட் போட்டு அலமாரியில் அடுக்கி வைத்த சரக்கு என்றால், கார்ட்டிசால் ஆர்டர் வந்த பிறகு அடுப்பைப் பற்றவைத்துச் செய்வது. அதனால் நெருக்கடி தொடங்கி இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். நாய் போய், நீங்கள் வீட்டுக்கு வந்து சட்டை மாற்றும் நேரம்.

அவ்வளவு தாமதமாக வந்து அது என்ன செய்கிறது? தசைப் புரதத்தையும் கொழுப்பையும் உடைத்து, கல்லீரலில் புதிதாகச் சர்க்கரை செய்ய வைக்கிறது. ரத்தக் குழாய்கள் அட்ரினலினின் பேச்சைக் கேட்கும்படி அவற்றைத் தயாராக வைத்திருக்கிறது. கார்ட்டிசால் இல்லாவிட்டால் எவ்வளவு அட்ரினலின் இருந்தாலும் பி.பி. நிற்காது. இன்னொன்றும் உண்டு: வெளிப்பகுதியிலிருந்து உள்பகுதிக்கு வடியும் ரத்தத்தில் கார்ட்டிசால் அடர்த்தியாக இருக்கும். அதுதான் உள்பகுதியில் அட்ரினலினைச் செய்யும் நொதியைத் தூண்டிவிடுகிறது. இரண்டு வேறு சுரப்பிகள் ஏன் ஒன்றாக ஒட்டிக்கொண்டன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், கார்ட்டிசால் நோய் எதிர்ப்பு வேலையை அடக்குகிறது. இது ரொம்ப நாள் எல்லோரையும் குழப்பிய விஷயம். அடிபட்டுக் கிடக்கும் உடம்பு, கிருமி உள்ளே நுழையும் நேரம் பார்த்து, தன் எதிர்ப்புச் சக்தியையே ஏன் அடக்க வேண்டும்? 1984இல் ஆலன் மங்க் என்ற அமெரிக்க ஆய்வாளரும் சகாக்களும் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். கார்ட்டிசால் நம்மை எதிரியிடமிருந்து காப்பாற்ற வருவதில்லை. எதிரியை அடிக்கக் கிளம்பிய நம் உடம்பின் சொந்தப் படையே அளவு மீறிப் போய் நம்மை அழித்துவிடாமல் தடுக்க வருகிறது என்றார்கள். இதை நாம் எல்லோரும் கொரோனா காலத்தில் கண்கூடாகப் பார்த்தோம். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் நுரையீரலைக் கெடுத்ததில் வைரஸுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு கட்டுப்பாடு இழந்த அழற்சிக்கும் இருந்தது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்தால் அவர்களில் மூன்றில் ஒரு பங்கு மரணங்களைத் தவிர்க்கலாம் என்று காட்டியது. டெக்ஸாமெத்தசோன், கார்ட்டிசாலைப் போலவே செயல்படும் செயற்கை மருந்துதான்.

சரி, நாய்க்கும் நுரையீரல் காய்ச்சலுக்கும் சுரக்கட்டும், மேனேஜருக்கும் எதற்குச் சுரக்க வேண்டும்? 1993இல் ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அது முடிந்ததும் 1022இலிருந்து 13 13ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும், தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து. அடி இல்லை, வலி இல்லை. ஆனாலும் பெரும்பாலோருக்குக் கார்ட்டிசால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறியது. 2004இல் இப்படிப்பட்ட 208 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வேலை கடினமா சுலபமா என்பதைவிட இரண்டு விஷயங்கள்தான் கார்ட்டிசாலை அதிகம் ஏற்றின: நம் கையில் கட்டுப்பாடு இல்லாமை, நாலு பேர் நம்மை எடைபோட்டுப் பார்ப்பது. வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அதே சோதனையை அதே ஆளுக்குத் திரும்பத் திரும்ப வைத்தால் பெரும்பாலோருக்கு ஏற்றம் குறைந்துவிடுகிறது. சுரப்பி களைத்ததால் இல்லை. மூளை "இது பழகிய விஷயம்" என்று ஆணையைக் குறைத்துக்கொள்கிறது.

'களைப்பு' என்ற எண்ணம் முளைத்த கதையும் சுவாரசியமானது. 1936இல் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளைக் குளிரிலும், காயத்திலும், நச்சு மருந்துகளிலும் வாட்டிப் பார்த்தார். எதைக் கொண்டு வாட்டினாலும் ஒரே மாதிரி மாற்றங்கள். முதலில் அபாய நிலை, பிறகு தாக்குப்பிடிக்கும் நிலை, கடைசியில் ஓய்ந்துபோகும் நிலை என்று அதை மூன்றாகப் பிரித்தார். அந்த மூன்றாவது நிலையைத்தான் பின்னாளில் பிடித்துக்கொண்டார்கள். 1990களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்பவர்) 'அட்ரினல் களைப்பு' என்று அதற்குப் பெயர் சூட்டினார், வியாபாரமும் கூடவே வந்தது. ஆனால் செல்யேயின் எலிகளை அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் புண் இருந்தது, நோய் எதிர்ப்புச் செல்கள் பக்குவப்படும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது, அட்ரினலோ பெருத்திருந்தது. இதைத்தான் எல்லோரும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். ஏ.சி.டி.எச். தொடர்ந்து வந்தால் அட்ரினல் வளரும், ஆணை நின்றால்தான் சுருங்கும். வேலை கொடுத்ததால் அது சுருங்கிப் போனதாக யாரும் காட்டியதில்லை. 2016இல் பிரேசில் மருத்துவர்கள் இருவர் 58 ஆய்வுகளை அலசிவிட்டு, இப்படி ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரமே இல்லை என்று தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள். ஹார்மோன் மருத்துவச் சங்கங்களின் நிலைப்பாடும் இதுதான்.

அப்படியானால் நீண்ட நாள் டென்ஷன் கார்ட்டிசாலை ஒன்றுமே செய்யாதா? செய்யும், ஆனால் வேறு விதமாக. இயல்பாக ஒரு நாளில் நாம் பத்து முதல் இருபது மில்லிகிராம் கார்ட்டிசால் சுரக்கிறோம். அது நாள் முழுக்க ஒரே சீராக வருவதில்லை. விடியற்காலையில் ஏறத் தொடங்கி, எழுந்ததும் அரை மணிக்குள் இன்னும் ஒரு தாவு தாவும். அப்புறம் மெதுவாக இறங்கி நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்குப் போகும். மாதக்கணக்கில் நெருக்கடியில் இருப்பவர்களிடம் இந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிறது: காலையில் இருக்க வேண்டிய உயரம் இல்லை, மாலையில் இறங்க வேண்டிய அளவு இறங்குவதில்லை. மாறியிருப்பது மூளையின் கால அட்டவணை. அதிலும் ராத்திரி ஒரு மணி வரை அமெரிக்கக்காரர்களோடு மீட்டிங், கையில் போன் வெளிச்சம், மாலை ஆறு மணிக்கு மேல் மூன்றாவது காபி என்று இருந்தால் அட்டவணை எப்படி நேராக இருக்கும்? நீங்கள் சொன்ன அறிகுறிகளில் பாதி எனக்குத் தூக்கக் குறைவின் பட்டியலாகத்தான் படுகிறது.

அட்ரினல் உண்மையிலேயே செயலிழந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் வித்தியாசம் உடனே புரியும். 1855இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் முதன்முதலில் விவரித்ததால் அவர் பெயரே நோய்க்கு. எடை குறையும், பசிக்காது, வாந்தி வரும், உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும், உப்பைத் தேடித் தேடிச் சாப்பிடத் தோன்றும். ரத்தத்தில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறியிருக்கும். இதோடு தோல் கறுக்கும். நம்மூர் நிறத்தில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வெயிலில் கறுத்துவிட்டார் என்று வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். கையை விரிக்கச் சொல்லி உள்ளங்கை ரேகைகளைப் பார்க்க வேண்டும், ரேகைக்குள் கருமை ஓடியிருக்கும். உதட்டை விலக்கி ஈறைப் பார்க்க வேண்டும், வெயில் படாத அங்கேயும் கருநீலத் திட்டு தெரியும். சமீபத்தில் ஆறிய தழும்பு மட்டும் தனியாகக் கறுத்திருக்கும். சுரப்பி பதில் தராததால் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.சை அள்ளி அள்ளி விடுகிறது, அதுவே தோலின் நிறமிச் செல்களையும் தூண்டிவிடுகிறது.

மேலை நாடுகளில் இதற்கு முக்கியக் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. நம் நாட்டில் காசநோய் இன்னும் பெரிய காரணமாக இருக்கிறது. அடிசன் பார்த்த நோயாளிகளிலும் பலருக்குக் காசநோய்தான். சுரப்பியில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு அழியும் வரை ஆள் நடமாடிக்கொண்டே இருப்பார், அவ்வளவு உபரி அதில் இருக்கிறது. இதில் ஒரு பொறி உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் கார்ட்டிசாலையும் வேகமாகக் கரைத்துவிடும். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் நோயாளி தேறுவதற்குப் பதில் பி.பி. இறங்கிச் சரிந்தால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பதற்கு முன்னால் அட்ரினலை நினைக்க வேண்டும்.

இந்த நோயோடு வாழ முடியுமா என்றால், தாராளமாக. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு 1947இல் லண்டனில் இது கண்டுபிடிக்கப்பட்டது. 1962இல் கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பதின்மூன்று நாட்களையும் அவர் தாண்டியது ஸ்டீராய்டு மாத்திரைகளின் துணையோடுதான்.

எனக்கு உண்மையில் கவலை தருவது இனிமேல் சொல்லப்போவது. நம்மூரில் அட்ரினலைப் படுக்க வைப்பது டென்ஷன் இல்லை, ஸ்டீராய்டு. மூட்டுவலிக்கு ஒரு பொடி, ஆஸ்துமாவுக்கு ஒரு லேகியம், எடை போட ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, முகம் வெளுக்க ஒரு கிரீம், காய்ச்சலென்று போனால் உடனே கேட்கும் ஒரு ஊசி. இவற்றில் பலவற்றில் டெக்ஸாமெத்தசோனோ பெட்டாமெத்தசோனோ சொல்லாமலே கலந்திருக்கும். சாப்பிட்டதும் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் உப்பும். "நல்லா தேறிட்டீங்க" என்பார்கள். வெளியிலிருந்து வரத்து இருப்பதால் மூளை ஆணையை நிறுத்திவிடும், சுரப்பி சுருங்கும். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் இப்படிப் போய், ஒரு நாள் பொடி தீர்ந்துபோய் திடீரென்று நிறுத்தினால், அந்த நேரம் பார்த்து ஒரு காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால், தேவையான கார்ட்டிசாலை உடம்பால் கொடுக்க முடியாது. பெரிய ஆபரேஷனில் இயல்பான உடம்பு அன்றாட அளவைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் சுரக்கும். அது இல்லாதவருக்கு பி.பி. கீழே போகும், நினைவு தப்பும். நரம்பில் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் (கார்ட்டிசாலின் மருந்து வடிவம்) ஏற்றியதும் ஒன்றிரண்டு மணியில் எழுந்து உட்காருவார். ஏற்ற வேண்டும் என்று தோன்றாவிட்டால் ஆளே போய்விடுவார். முறையாக மருத்துவர் சொல்லி ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் பயந்து நிறுத்திவிட வேண்டாம். படிப்படியாகக் குறைப்பதற்குக் காரணமே இதுதான்.

இனி உங்கள் விஷயம். காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் கார்ட்டிசால் பாருங்கள். டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கோளாறு பெரும்பாலும் உறுதி. 18க்கு மேல் இருந்தால் அட்ரினலை மறந்துவிடலாம். நடுவில் இருந்தால் ஏ.சி.டி.எச். ஊசி போட்டு, சுரப்பி எவ்வளவு பதில் தருகிறது என்று பார்ப்பார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இந்த எண் பொய்யாக உயர்ந்து தெரியும், அதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். எச்சில் டெஸ்ட் மொத்தமாக ஏமாற்று இல்லை. நள்ளிரவு எச்சிலில் கார்ட்டிசால் பார்ப்பது நல்ல பரிசோதனைதான், ஆனால் அது கார்ட்டிசால் கூடுதலாகச் சுரக்கும் குஷிங் நோயைக் கண்டுபிடிக்க. களைப்பை அளக்க இல்லை. இதோடு ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், பி12, வைட்டமின் டி பாருங்கள். குறட்டை விடுவீர்களா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்குக் காலைக் களைப்பு இப்படித்தான் இருக்கும். மனச்சோர்வையும் விட்டுவிடாதீர்கள், அதுவும் உடம்புக் களைப்பாகவே வந்து நிற்கும்.

அந்தப் புட்டிகளைத் தூக்கி எறிவதற்கு முன்னால் ஒன்று. அமெரிக்காவில் 'அட்ரினலுக்கு ஆதரவு' என்று விற்கும் 12 மாத்திரைகளை வாங்கிச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது, ஏழில் ஏதோ ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன் இருந்தது. லேபிளில் அது எதுவும் இல்லை. சாப்பிட்டதும் தெம்பாக இருந்ததென்றால் காரணம் அதுவாகவும் இருக்கலாம். உங்கள் புட்டியில் என்ன இருக்கிறதோ தெரியாது. ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் நீங்களாக நாளைக்கே நிறுத்தாதீர்கள். புட்டியையும் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு பொது மருத்துவரிடமோ ஹார்மோன் மருத்துவரிடமோ போங்கள், எத்தனை நாள் எத்தனை மாத்திரை என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். அதற்குள் வாந்தி, தலைசுற்றல், காய்ச்சல் எது வந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், "ஸ்டீராய்டு கலந்த மருந்து சாப்பிட்டிருக்கலாம்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.